கணவருக்குக் காவல் நிலைய நோட்டீஸ் வந்திருக்கிறது. எந்த வக்கீலிடம் போவது?

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கி, அதன் சுருக்கத்தை முதலில் தருகிறேன்.

அவருடைய கணவர் காரைக்குடியில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறார். கணக்கு எழுதுவது இவர். சென்ற ஐப்பசியில், புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பக்கத்து ஊர் ஒன்றில், பெரிய வீட்டில் தனியாக வசிக்கும் ஆச்சி ஒருவரிடம் கணவர் இரண்டு சோடிக் கதவுகள், நான்கு மரத்தூண்கள், கொஞ்சம் எனாமல் பாத்திரங்கள் ஆகியவற்றை விலைபேசி வாங்கியிருக்கிறார். பாதிப் பணம் வங்கி வழியாகவும் மீதி ரொக்கமாகவும் போயிருக்கிறது. தை மாதம் படைப்புக்காக (முன்னோர் வழிபாடு) ஊருக்கு வந்த ஆச்சியின் கொழுந்தனார் மகன், வீட்டில் கதவும் தூணும் இல்லாததைப் பார்த்துவிட்டு, அவை பங்காளிகள் எல்லாருக்கும் பொதுவானவை என்று புகார் கொடுத்துவிட்டார். ஆச்சி முதல் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்), கணவர் இரண்டாம் எதிரி. வீட்டுக்குள் திருட்டு, திருட்டுச் சொத்து என அறிந்தே பெறுதல் ஆகிய பிரிவுகளில் வழக்குப் பதிவாகி, பத்து நாளில் ஆஜராகும்படி கணவருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது.

யோசனை சொல்பவர்களுக்குக் குறைவில்லை. கடைத்தெரு நண்பர் ஒருவர், 'காரைக்குடி இன்ஸ்பெக்டருக்கு வேண்டிய வக்கீல் இருக்கிறார், ஒன்றரை லட்சம் கொடுத்தால் உள்ளே கொடுப்பதையும் சேர்த்து அவரே பார்த்துக்கொள்வார், கைது இல்லை என்றான பிறகு பாதி கொடுத்தால் போதும்' என்கிறார். மாமனார் மதுரையில் ஒரு பெரிய சீனியரைப் பிடிக்க வேண்டும் என்கிறார். சிவில் வழக்குகள் நடத்தும் சின்னம்மா மகன், ஆச்சிக்கும் கணவருக்கும் சேர்த்துத் தானே ஆஜராகிவிடுவதாகச் சொல்கிறார். கணவரோ, இப்போதே வக்கீல் வைத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும் என்றும், கொஞ்ச நாள் கேரளத்தில் உள்ள நண்பர் வீட்டில் இருந்துவிட்டு வரலாம் என்றும், ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்குப் பழைய தேதியிட்டு ஒரு ரசீது எழுதி வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்றும் நினைக்கிறார். நல்ல கிரிமினல் வக்கீலை எப்படி அறிந்துகொள்வது, அவரிடம் எதுவரை சொல்லலாம், காவல் நிலையத்துக்குத் தானும் உடன் போகலாமா என்பவை வாசகியின் கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் யாருக்கு யாரைத் தெரியும் என்பது விரிவாக இருக்கிறது. வழக்கு எந்தக் காவல் நிலையத்தில் பதிவானது என்பது போகிற போக்கில் ஒரு வரியில் வருகிறது. அந்த ஒரு வரிதான் முக்கியம். கடை காரைக்குடியில் இருந்தாலும், வீடு இருப்பது திருமயம் பக்கம். ஆகவே வழக்கைப் பதிவு செய்தது புதுக்கோட்டை மாவட்டக் காவல் நிலையம். குற்றப்பத்திரிகை தாக்கலானால் அந்தப் பகுதி நீதித்துறை நடுவர் முன்னால்தான் வழக்கு நடக்கும். முன்ஜாமீன் கேட்பதானால் புதுக்கோட்டை மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். அதற்கு மேல் போனால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. செட்டிநாடு நமக்கு ஒரே நாடாகத் தெரிந்தாலும் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. கடைத்தெரு நண்பர் சொல்லும் வக்கீலுக்குக் காரைக்குடி இன்ஸ்பெக்டரை எவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தாலும், இந்த வழக்கில் அந்த இன்ஸ்பெக்டருக்கு வேலையே இல்லை. ஒன்றரை லட்சம் கேட்பவர் எப்.ஐ.ஆரைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது.

எப்.ஐ.ஆர். நகல் கையில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வக்கீலைத் தேடுவதற்கு முன்னால் அதை வாங்குங்கள். பெரும்பாலான வழக்குகளில் எப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டிருக்கிறது; தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் மாவட்டம், காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு ஆகியவற்றைக் கொடுத்துப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் வக்கீல் மூலம் நீதிமன்றத்தில் மனுப்போட்டு நகல் வாங்கலாம்.

முதலில் அந்த நோட்டீஸ்

வந்திருப்பது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின் கீழான நோட்டீஸ். பழைய சட்டத்தில் 41ஏ என்று சொல்லிவந்தது இதைத்தான். 2024 ஜூலை 1 முதல் எண் மாறிவிட்டது. இதைக் கைதுக்கான முன்னறிவிப்பாக நீங்கள் எடுத்துக்கொண்டு பயந்திருக்கிறீர்கள். சட்டம் சொல்வது ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது. உடனடியாகக் கைது செய்யத் தேவையில்லை என்று காவல் துறை கருதும் நிலையில்தான் இந்த நோட்டீஸ் கொடுக்கப்படுகிறது. நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டு ஆஜராகிறவரை, கைது அவசியம் என்பதற்கான காரணத்தைப் பதிவு செய்தால் ஒழியக் கைது செய்யக்கூடாது. ஏழு ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் வழக்கமாகக் கைது செய்துவிடும் பழக்கம் கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் கணவர் மீதுள்ள பிரிவுகளில் வீட்டுக்குள் திருட்டுக்கு உச்சத் தண்டனை ஏழு ஆண்டு. திருட்டுச் சொத்தைப் பெற்றதற்கு மூன்று ஆண்டு. இரண்டுமே அந்த வரம்புக்குள் அடங்குபவை.

ஆனால் இந்தப் பாதுகாப்பு ஆஜராகிறவருக்குத்தான். ஆஜராகாமல் கேரளத்துக்குப் போய்விட்டால், அதே பிரிவின்படி அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். பிறகு முன்ஜாமீன் கேட்டுப் போனால், 'நோட்டீஸ் கொடுத்தும் தலைமறைவானவர்' என்று அரசு வழக்கறிஞர் எழுந்து சொல்வதற்கு நீங்களே வாசகம் எழுதிக் கொடுத்ததாகும். குறித்த தேதியில் உண்மையிலேயே போக முடியாவிட்டால், காரணத்தைச் சொல்லி வேறு தேதி கேட்டு எழுத்து மூலம் பதில் கொடுத்து, கொடுத்ததற்கான அத்தாட்சியையும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கடிதத்தை வக்கீல் எழுதட்டும்.

முன்ஜாமீன் போட்டுவிட்டு ஆஜராவதா, நேராக ஆஜராவதா என்பது நிதானமாக எடுக்க வேண்டிய முடிவு. முன்ஜாமீன் கிடைத்தால் மன நிம்மதி உண்டு. ஆனால் மனு விசாரணைக்கு வர நாளாகலாம். பெரும்பாலும் ஜாமீன்தாரர், காவல் நிலையத்தில் போய்ப் போடும் நிபந்தனைக் கையெழுத்து என்று சேர்ந்தே வரும். கையெழுத்துப் போட வேண்டிய காலம் முழுவதும் கடையை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். நேராக ஆஜராவதில் இந்தச் சுமை இல்லை. ஆனால் விசாரணையில் புதுப் பிரிவு ஏதாவது சேர்ந்தால் நிலைமை மாறக்கூடும். எப்.ஐ.ஆரைப் படிக்காமல் இதில் ஒரு பக்கம் சாய்ந்து பேசும் வக்கீலை நம்ப வேண்டாம். நானும் படிக்கவில்லை, ஆகவே இது உங்கள் வக்கீல் சொல்ல வேண்டிய பதில்.

வக்கீல் வைத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகுமா என்ற கேள்விக்கு மட்டும் தயக்கமின்றிப் பதில் சொல்கிறேன்: ஆகாது. கைது செய்யப்பட்டவருக்குத் தான் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 22-வது பிரிவிலேயே இருக்கிறது. கைதுக்கு முன்பு ஆலோசனை பெறுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. வக்கீல் வைத்தார் என்பதை எந்த நீதிமன்றமும் ஒருவருக்கு எதிரான சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. காவல் நிலையத்தில் தவறுதலாகச் சொன்னதைப் பின்னால் சரிசெய்யப் படும் பாடு இருக்கிறதே, அதை நீதிமன்றத்தில் நாள்தோறும் பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

எங்கே தேடுவது

நீதிமன்றம் எல்லாருக்கும் திறந்த இடம். உங்கள் கணவரோ நீங்களோ ஒரு முற்பகல், வழக்கு வரவிருக்கும் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் பின்வரிசையில் போய் உட்காருங்கள். காலையில் வாய்தா வழக்குகளை வேகமாகக் கூப்பிட்டு முடிப்பார்கள். அதில் யாருடைய திறமையும் தெரியாது. அதற்குப் பிறகு சாட்சி விசாரணை தொடங்கும்போது கவனியுங்கள். குறுக்கு விசாரணையில் சாட்சியை அதட்டுபவர் யார், கேஸ் கட்டைப் புரட்டி, சாட்சி முன்பு சொன்னதையும் இப்போது சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சின்னச் சின்னக் கேள்வியாகக் கேட்பவர் யார் என்று பாருங்கள். சட்டம் படிக்காதவர்களுக்கும் இந்த வேறுபாடு அரை மணி நேரத்தில் புலப்படும். சத்தமாகப் பேசுபவரைத்தான் பார்வையாளர்களுக்குப் பிடிக்கும். தீர்ப்பு எழுதுகிறவருக்குப் பிடிக்க வேண்டும் என்பதில்லை.

உங்கள் சின்னம்மா மகனை வேறு விதமாகப் பயன்படுத்துங்கள். 'உன் சொந்த அண்ணன் மீது இப்படியொரு வழக்கு வந்தால், அந்தக் கோர்ட்டில் யாரை வைப்பாய்?' என்று அவரிடமே கேளுங்கள். புதுக்கோட்டையில் அவருக்குத் தெரிந்த இரண்டு மூன்று வக்கீல்களிடமும் இதையே கேட்கச் சொல்லுங்கள். ஒரே பெயர் இரண்டு இடத்திலிருந்து வந்தால் அவரைப் போய்ப் பாருங்கள். வக்கீல்களைப் பற்றி வக்கீல்களுக்குத் தெரிந்த அளவு கட்சிக்காரர்களுக்குத் தெரிவதில்லை.

பெயர் கிடைத்ததும் இ-கோர்ட்ஸ் இணையதளத்திலோ செயலியிலோ, அந்த நீதிமன்றத்தில் அவர் பெயரில் என்னென்ன வழக்குகள் இருக்கின்றன என்று பாருங்கள். முப்பது ஆண்டு அனுபவம் என்பவர் அத்தனை ஆண்டும் நிலத்தகராறும் காசோலை வழக்கும் மட்டும் நடத்தியிருக்கலாம். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உங்களுக்கு வேண்டிய ஆள் அவர் அல்லர், அவ்வளவுதான். இணையத்தில் வக்கீல்களுக்கு நட்சத்திரம் போட்டுத் தரவரிசை காட்டும் பக்கங்களைப் பொருட்படுத்த வேண்டாம். விளம்பரம் செய்துகொள்வதும் தரகர் வைத்து ஆள் பிடிப்பதும் வழக்கறிஞர்களுக்குத் தடை செய்யப்பட்டவை. நீங்கள் தேடாமலே கடைக்கு வந்து ஒரு வக்கீலின் பெயரைச் சொல்லிப் பணமும் பேசும் 'நண்பர்' யார் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

முதல் சந்திப்பில் அவர் என்ன கேட்கிறார்

நல்ல வக்கீலை அறிய எனக்குத் தெரிந்த நம்பகமான வழி இதுதான்: அவர் என்ன சொல்கிறார் என்பதைவிட என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள்.

உங்கள் வழக்கையே எடுத்துக்கொள்வோம். திருட்டுச் சொத்தைப் பெற்றார் என்பதை நிரூபிக்க, அது திருட்டுச் சொத்து என்று அவருக்குத் தெரியும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தது என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டும். ஆகவே பார்க்க வேண்டியவை இரண்டு. ஆச்சிக்கு அவற்றை விற்கும் உரிமை இருந்ததா? இல்லையென்றால், அது உங்கள் கணவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமா?

நம் பக்கத்து வீடுகளின் அமைப்பு தெரிந்த வக்கீல் உடனே கேட்பார்: அந்தக் கதவு எந்தக் கதவு? முகப்பு நிலைக்கதவா, ஆச்சியின் பங்காக இருந்த உள்வீட்டுக் கதவா? தூண் வளவைச் (நடு முற்றப் பகுதி) சுற்றி நின்றதா, பின்கட்டில் கழற்றிப் போட்டிருந்ததா? வீட்டுக்குப் பாகப்பிரிவினை நடந்திருக்கிறதா, நடந்திருந்தால் எந்தப் பகுதி பொது என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறதா? அறைகள் பங்காகப் பிரிந்திருந்தும் முகப்பும் வளவும் எல்லாப் பங்காளிக்கும் பொதுவாகவே இருப்பது இங்கே வழக்கம். ஆச்சியின் தனி அறையிலிருந்து வந்த கதவுக்கும் வளவுத் தூணுக்கும் வாதம் ஒன்றாக இருக்க முடியாது. பழம்பொருள் வணிகத்தில் இத்தனை ஆண்டு இருப்பவருக்கு வளவு பொது என்பது தெரியாதா என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதற்கு என்ன பதில் என்று வக்கீல் இப்போதே உங்கள் கணவரைக் குடைய வேண்டும். குடைந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து விலையைக் கேட்பார். சந்தை விலையை ஒட்டி வாங்கியிருந்தால் நல்லெண்ணத்துக்கு அது சான்று. அடிமாட்டு விலைக்கு வாங்கியிருந்தால் சந்தேகத்துக்கு இடம். பகலில் ஏற்றினீர்களா இரவிலா, எந்த வண்டி, தெருவில் யார் பார்த்தார்கள், கைபேசியில் எடுத்த படங்கள் இருக்கின்றனவா, பொருள் இன்னும் கடையில் இருக்கிறதா, விற்றாகிவிட்டதா, விற்றிருந்தால் யாருக்கு என்றெல்லாம் கேட்பார்.

இன்னொரு கேள்வியையும் கேட்பார் என்று எதிர்பார்க்கிறேன். கேட்காவிட்டால் அவருக்கு இந்தத் துறை புதிது என்று வைத்துக்கொள்ளலாம். தொன்மைப் பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், 1972 என்று ஒன்று இருக்கிறது. நூறு ஆண்டுக்குக் குறையாத பழமையுள்ள, கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது. அத்தகைய பொருளை விற்கும் தொழில் நடத்த உரிமம் வேண்டும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் நூறாண்டைத் தாண்டியவை எத்தனையோ. வீடு எந்த ஆண்டு கட்டியது, கடைக்கு உரிமம் இருக்கிறதா என்பதை வக்கீல் விசாரணைக்கு முன்பே அறிந்திருக்க வேண்டும். இன்றைய எப்.ஐ.ஆரில் இல்லாத சட்டம் நாளை வந்து சேரும்போது அவர் திகைத்து நிற்கக்கூடாது.

இந்தக் கேள்விகள் எதையும் கேட்காமல், 'கவலைப்படாதீர்கள், நூறு சதவீதம் விடுதலை' என்று சொல்பவர் வழக்கைப் பார்க்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். முடிவை உறுதியளிக்க எந்த வக்கீலாலும் முடியாது.

எதுவரை சொல்லலாம் என்று கேட்டீர்கள். எல்லாவற்றையும் சொல்லுங்கள். வழக்குக்காக வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதை, கட்சிக்காரரின் சம்மதமின்றி அவர் வெளியிடக்கூடாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியமின் 132-வது பிரிவு அதைக் காக்கிறது. 'தூண் பொது என்று ஆச்சியே ஒரு தடவை சொன்னாள்' என்பது போன்ற சங்கடமான செய்தி ஏதாவது இருந்தால், அதை வக்கீல் முதலில் கேட்பது உங்கள் வாயிலிருந்தாக இருக்கட்டும். எதிர்த்தரப்புச் சாட்சியிடமிருந்து கூண்டில் வைத்துக் கேட்க நேர்ந்தால் அவரால் செய்யக்கூடியது குறைவு.

பழைய தேதியிட்ட ரசீது வேண்டவே வேண்டாம்

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான். உங்கள் கணவர் இப்போது குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. சொல்வதற்கு நியாயமும் இருக்கலாம். பொய்த் தேதியிட்டு ஒரு தாளை எழுதிய மறுநொடி அவர் உண்மையிலேயே ஒரு குற்றத்தைச் செய்தவராகிவிடுவார். நீதிமன்ற நடவடிக்கைக்காகப் பொய்ச் சான்று புனைவதற்கு ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. காவல் துறை விசாரணைக் கட்டமும் அதில் அடங்கும். கணக்கு எழுதுபவர் நீங்கள் என்பதால் நீங்களும் அதில் மாட்டுவீர்கள். பில் புத்தகத்தின் வரிசை எண், லாரி வாடகைச் சீட்டு, ஆச்சியின் வாக்குமூலம் என்று அதை உடைக்க நான்கைந்து வழிகள் இருக்கின்றன. இப்படிச் செய்ய உதவி கேட்டால், மேலே சொன்ன இரகசியக் காப்பும் உங்களுக்குக் கிடையாது. சட்டவிரோதமான நோக்கத்துக்காகச் சொல்லப்படுவதை அந்தப் பிரிவு காப்பதில்லை. ஒரு வக்கீலே இந்த யோசனையைச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

உண்மையில் உங்களுக்கு அந்தத் தாள் தேவையே இல்லை. பாதிப் பணம் வங்கி வழியாகப் போயிருக்கிறது. யார் கணக்கிலிருந்து யார் கணக்குக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு என்பதை யாராலும் மாற்ற முடியாது. திருட்டுப் பொருள் வாங்குகிறவர் விற்றவரின் வங்கிக் கணக்கிலேயே பணம் போடுவாரா என்பது வலுவான வாதம். ஒரு பொய்த் தாளை நுழைத்தால் அந்த உண்மைச் சான்றின் மீதும் சந்தேகம் விழும்.

அதேபோல, 'இப்படிச் சொல்லுங்கள்' என்று ஆச்சியிடம் பேச யாரையும் அனுப்பாதீர்கள். ஜாமீன் நிபந்தனைகளில் சாட்சிகளைக் கலைக்கக்கூடாது என்பது தவறாமல் இருக்கும்; அதை மீறினால் ஜாமீன் ரத்தாகலாம்.

ஆச்சிக்கும் உங்கள் கணவருக்கும் ஒரே வக்கீல் கூடாது

சின்னம்மா மகன் செலவு மிச்சமாகட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் உங்கள் கணவரின் எதிர்வாதம், 'ஆச்சி தன்னுடையது என்று சொன்னார், நம்பி வாங்கினேன்' என்பதாகத்தான் இருக்கும். ஆச்சியின் எதிர்வாதம், 'பங்காளிகளுக்குச் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன், கடைக்காரர்தான் ஒன்றும் ஆகாது என்றார்' என்று அமைந்தால்? ஒருவரைக் காப்பாற்ற மற்றவரைக் கைகாட்ட வேண்டிய நிலை வரும்போது இருவருக்கும் ஒரே வக்கீல் நிற்க முடியாது. நடுவழியில் ஒருவரையோ இருவரையுமோ விட வேண்டிவரும். தொடக்கத்திலேயே தனித்தனி வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள். சின்னம்மா மகனின் சிவில் அறிவு வீணாக வேண்டாம்; வீட்டின் பழைய பத்திரங்களுக்குப் பதிவு அலுவலகத்தில் நகல் எடுத்து, எது பொது எது தனி என்று குறித்துக் கொடுக்க அவரைவிடத் தகுந்தவர் கிடைக்க மாட்டார். இந்த வழக்கின் முடிச்சில் பாதி அங்கேதான் இருக்கிறது.

பணம், வக்காலத்து, கேஸ் கட்டு

பீஸ் இவ்வளவுதான் என்று ஒரு கணக்கு கிடையாது. முன்ஜாமீன் மனு, விசாரணைக்கு ஆஜராகும் கட்டம், குற்றப்பத்திரிகைக்குப் பின் சாட்சி விசாரணை, இறுதி வாதம் என்று கட்டம் கட்டமாகப் பேசுங்கள். தட்டச்சு, நகல் எடுக்கும் செலவு, குமாஸ்தா செலவு இதில் சேர்ந்ததா என்று கேளுங்கள். வழக்கன்று நேரில் வருவது அவரா, ஜூனியரா என்றும் கேளுங்கள்; ஜூனியர் வருவதில் தவறில்லை, ஆனால் முக்கியச் சாட்சியின் குறுக்கு விசாரணையை யார் செய்வார் என்பது தெரிந்திருக்க வேண்டும். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். இதையெல்லாம் கேட்டால் மரியாதைக் குறைவு என்று நம் ஊரில் ஒரு தயக்கம் உண்டு. முறையாகத் தொழில் செய்பவர் யாரும் இதற்கு முகம் சுளிப்பதில்லை.

'கைது இல்லை என்றான பிறகு பாதி' என்பது வெற்றியைப் பொறுத்துக் கூலி பேசுவது. இந்தியாவில் வழக்கறிஞர்களுக்கு அது தடை செய்யப்பட்டது. 'உள்ளே கொடுப்பது' என்பதற்கு வெளிப்படையான பெயர் லஞ்சம். 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு கொடுக்கிறவரும் குற்றவாளிதான். வற்புறுத்தலுக்கு ஆளாகிக் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் உரிய அமைப்பிடம் தெரிவித்தால் மட்டுமே விலக்கு. பல நேரங்களில் அந்தப் பணம் 'உள்ளே' போவதுமில்லை.

உங்களுக்காக ஆஜராக வக்கீலுக்கு அதிகாரம் தரும் வக்காலத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதில் எந்த நீதிமன்றம், யார் யார் பெயர் என்று படியுங்கள். அசல் ஆவணங்களைக் கொடுக்க நேர்ந்தால் நகல் எடுத்துவைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். பின்னால் அவர் மீது நம்பிக்கை போய்விட்டால் மாற்றிக்கொள்ளலாம். அவரிடம் ஆட்சேபணையில்லை என்று எழுதி வாங்கிப் புது வக்காலத்துப் போடுவது நடைமுறை. பீஸ் பாக்கி என்று சொல்லிக் கேஸ் கட்டைத் தர மறுக்க அவருக்கு உரிமையில்லை என்று 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மாமனார் சொல்லும் மதுரை சீனியரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உயர் நீதிமன்றத்தில் முன்ஜாமீனோ, வழக்கை ரத்துசெய்யக் கோரும் மனுவோ போடும் நிலை வந்தால் அங்கே நாள்தோறும் ஆஜராகும் ஒருவர் தேவைப்படுவார். அந்த நிலை இன்னும் வரவில்லை. கீழ்நீதிமன்றத்தில் வழக்கை நடத்தப் போகும் வக்கீலே அப்போது தக்கவரைச் சொல்வார்.

பொருளைத் திருப்பிக் கொடுத்துச் சமரசமாகப் போய்விட்டால் வழக்குத் தானாக முடிந்துவிடும் என்றும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். சமரசம் நல்ல வழிதான். பங்காளிச் சண்டையாக இருக்கும்போது இன்னும் நல்லது. ஆனால் எப்.ஐ.ஆர். பதிவான பிறகு புகார்தாரர் வாயால் சொல்லி வழக்கு முடியாது. சில குற்றங்களைத்தான் சமரசமாக முடிக்கச் சட்டம் இடம் தருகிறது. வீட்டுக்குள் திருட்டு அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு இரு தரப்பும் உயர் நீதிமன்றம் போய் ரத்து கேட்க வேண்டும். தனிப்பட்ட சொத்துத் தகராறிலிருந்து எழுந்த வழக்குகளில் நீதிமன்றம் இதை ஏற்பது உண்டு. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசினாலும், எழுதும் தாளை வக்கீல் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். 'எடுத்தது தப்புதான், திருப்பித் தருகிறேன்' என்று எழுதிக்கொடுத்தால் அது சமரசப் பத்திரமாக இராது. ஒப்புதல் வாக்குமூலமாக வந்து நிற்கும்.

பணம் புரட்ட நகையை அடகு வைக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். அதற்கு முன் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் குழுவுக்கோ, 15100 என்ற எண்ணுக்கோ பேசிப் பாருங்கள். வருமான வரம்புக்குள் வருபவருக்கும், காவலில் இருப்பவருக்கும் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். பெண்களுக்கு வருமான வரம்பே பார்ப்பதில்லை. அந்த ஆச்சிக்கும் இது பொருந்தும். அவருக்குத் தனி வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் உறவினர் யாராவது அவருக்கு இதைத் தெரிவிக்கட்டும்.

காவல் நிலையத்துக்குப் போகும் நாள்

வக்கீலோ அவருடைய ஜூனியரோ உடன் வருவது நல்லது. விசாரணை நடக்கும் நேரம் முழுவதும் அவர் பக்கத்தில் இருக்க அனுமதிக்க மாட்டார்கள். கைது செய்து விசாரிப்பதானால் இடையில் சந்திக்கும் உரிமை உண்டு. உங்கள் கணவர் நோட்டீஸ் நகல், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றை எடுத்துப் போகட்டும். தெரிந்ததைச் சொல்லட்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லட்டும். விசாரணையில் பதிவு செய்யும் வாக்குமூலத்தில் அதைச் சொன்னவர் கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கிறது. வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் மறுக்க வேண்டும். கடையிலிருந்து பொருளைக் கைப்பற்றினால் மகஜர் (கைப்பற்றியதற்கான பதிவு) எழுதுவார்கள்; அதில் கதவு எத்தனை, தூண் எத்தனை, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்பது சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும்.

நீங்கள் உடன் போய் வெளியே காத்திருப்பதில் தடையில்லை. ஆனால் கணக்கு எழுதுபவர் என்பதால், சாட்சி என்ற முறையில் உங்களையும் விசாரிக்கக்கூடும். அப்படி விசாரிக்க வேண்டுமென்றால் நீங்கள் வசிக்கும் இடத்துக்கு அவர்கள் வர வேண்டும். பெண்ணைச் சாட்சியாகக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்ல முடியாது. 'வந்ததுதான் வந்தீர்கள், நீங்களும் சொல்லிவிட்டுப் போங்கள்' என்று அன்றைக்கே கேட்டால், வீட்டில் வைத்துச் சொல்கிறேன் என்று மரியாதையாகப் பதில் சொல்லுங்கள். அதற்குள் கணக்குப் புத்தகத்தில் அந்த ஐப்பசி மாதப் பக்கங்களை, ஒரு எழுத்தும் திருத்தாமல், நகல் எடுத்து வக்கீலிடம் கொடுத்து வையுங்கள். அசலைக் கைப்பற்றினால் அது திரும்பி வர நாளாகும்.